காவக்காரப் பல்

பல் டாக்டரிடம் வந்து, நாற்காலியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்று ஒரு ஆள் அடம்பிடித்தால் என்னதான் செய்வது? டாக்டர் தீபலட்சுமிக்கு அன்று காலையில் அப்படி ஓர் ஆள் வாய்த்தார். பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர், லாரி டிரைவர், ஐம்பதை நெருங்குகிற வயசு. வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அத்தனை பெரிய உடம்பு, கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கிடந்தது.

"ஏனுங்க, வாயைத் திறந்தாத்தானே வேலை ஆகும்? மூக்கு வழியாவா பல்லுக் கட்டறது?" என்றார் சாந்தாமணி. தீபலட்சுமியிடம் வெகுகாலமாக நர்ஸாக இருப்பவர். வருகிறவர்களை அதட்டும் பொறுப்பு எப்போதும் அவருடையதுதான்.

"திறக்கறனுங்கக்கா. அதுக்கு முந்தி டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை."

"சொல்லுங்க" என்றாள் தீபலட்சுமி, கையுறையை மாட்டிக்கொண்டே.

"பழசைக் கழட்டிருங்க. புதுசு மாட்டாதீங்க."

சாந்தாமணி சிரித்துவிட்டார். தீபலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. நாமக்கல்லில், சேலம் ரோட்டில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிற கிளினிக் அவளுடையது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டிரைவர்கள். அவர்கள் பல் வலிக்காக வருகிற காலம் போய்விட்டது. அரசாங்கத்து விழிப்பு வாரியத்தின் பல்லைக் கட்டிக்கொள்ள வருகிறார்கள். கடைவாயில் ஒரு நல்ல பல்லைச் சுற்றிலும் இழைத்துச் சின்னதாக்கி, அதன்மேல் ஜிர்கோனியா என்ற கெட்டிப் பொருளில் செய்த கேப் ஒன்றை ஒட்ட வேண்டும். கேப்பின் உள்ளே எள்ளளவு ஒரு சில்லு. எச்சிலையும் கடிக்கிற அழுத்தத்தையும் அது விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் விழித்திருந்தால் வண்டியில் பச்சை விளக்கு. அசந்தால் மஞ்சள். கண் சொக்கினால் சிவப்பு எரிந்து வண்டி தானாக ஓரங்கட்டி நின்றுவிடும். காகிதத்தில் அதற்குப் பெரிய பெயர் இருந்தது. டிரைவர்கள் வைத்த பெயர் காவக்காரன். அந்தச் சில்லுக்கும் ஆயுசு உண்டு, முடிந்ததும் கேப்பை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். அர்த்தநாரி வந்தது அதற்குத்தான்.

"புதுசு கட்டாம விட்டா என்ன ஆகும்னு தெரியுமில்ல? பழசை அறுத்த நிமிஷமே வாரியத்துக்குத் தகவல் போயிரும். சாயங்காலத்துக்குள்ள புதுசு ஏறலைன்னா உங்க லைசென்ஸ் போச்சு. வலிக்குதா?"

"வலியில்லைங்க. தூக்கமில்லை."

"அதுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

அர்த்தநாரி கன்னத்திலிருந்து கையை எடுத்தார். கண்ணைச் சுற்றி அடுப்புக்கரி பூசின மாதிரி இருந்தது.

"முன்னெல்லாம் எட்டு மணி நேரம் ஓட்டினா ஓரங்கட்டியே ஆகோணும், சட்டம். இந்தக் காவக்காரன் வந்தப்பறம் அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க. பல்லு பச்சை காட்டற வரைக்கும் ஓட்டலாம்னாங்க. ஓட்டலாம்னு சொன்னது ஓட்டோணும்னு ஆயிருச்சுங்க."

"அசந்தா பல்லே காட்டிக் குடுத்துருமே."

"எனக்குக் காட்ட மாட்டேங்குதே. ஸ்டியரிங்கைப் புடிச்சா எனக்குப் பயமுங்க. எங்க கண்ணு சொக்கிருமோ, எவன் மேலயாவது ஏத்திருவமோன்னு பயம். பயத்துல பல்லைக் கடிக்கறேன். கடிக்கக் கடிக்க அது நான் நல்லா முழிச்சிருக்கேன்னு நெனைச்சுக்குது. வீட்டுக்கு வந்து படுத்தாலும் அதே கடிதான். ஓனர்கிட்டப் போயி முடியலைங்கன்னு சொன்னா, போனை எடுத்துப் பார்க்கறாரு. உம்பட பல்லு பச்சையா இருக்குது, எங்கிட்டயே நடிக்கறயான்னு கேக்கறாரு."

"எச்சில்ல இருக்கறதைத்தான் அது சொல்லும். பல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

வாரியத்தின் பயிற்சி வகுப்புகளில் அவள் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் அது. நாக்கு நுனியிலேயே இருந்தது, வந்துவிட்டது.

"போன வாரம் தொப்பூர் இறக்கத்துல முன்னால ஒரு ஸ்கூட்டர்" என்றார் அர்த்தநாரி. "புருசனும் பொண்டாட்டியும். அவங்களைப் பார்த்தேனுங்க டாக்டரம்மா. நல்லாப் பார்த்தேன். ஆனா பிரேக்குக்குக் காலு போகலை. டிவியில என்னமோ ஓடற மாதிரி பார்த்துட்டே உக்காந்திருக்கேன். அவங்களா ஒதுங்குனதால பொழைச்சாங்க. அப்பவும் பச்சைதானுங்க எரிஞ்சுது."

தீபலட்சுமி ஊசியை எடுத்தாள். அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு, "சரிங்க, உங்களையும் சொல்லிக் குத்தமில்லை" என்று வாயைத் திறந்தார்.

ஜிர்கோனியாவை அறுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பார்க்கப் பால் வெள்ளையாக, பரம சாதுவாக இருக்கும். வைரப்பொடி பதித்த முனையையே தேய்த்து அனுப்பிவிடும். தண்ணீர் பீய்ச்சியடிக்க, எந்திரம் கீச்சிட, தீபலட்சுமி கேப்பின் நடுவே மெல்ல ஒரு கோடு இழுத்தாள். கோடு ஆழமானதும் நெம்பினாள். இரண்டாகப் பிளந்து வந்தது. உள்ளே இருந்த பல் குட்டை. இந்த மனுஷர் எத்தனை வருஷமாகக் கடித்துத் தேய்த்தாரோ, முதல் கேப் போடும்போதே பாதி உயரம்தான் இருந்தது என்று அவருடைய பழைய எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. குட்டைப் பல்லுக்குப் பிடிமானம் கிடையாது. ஒட்டு ஒன்றை நம்பித்தான் கேப் நிற்க வேண்டும்.

அவள் பழைய ஒட்டைச் சுரண்டினாள். ஈறை ஒட்டிச் சுற்றிலும் மெல்லிய விளிம்பு ஒன்றைத் திருத்தினாள். எங்கேயும் கூர்முனை இருக்கக் கூடாது, இருந்தால் கேப் அங்கேதான் விரிசல் விடும். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனசு தொப்பூர் இறக்கத்தில் நின்றது.

அளவை எடுத்து மெஷினுக்கு அனுப்பியாயிற்று. பக்கத்து அறையில் அது கேப்பைக் கடைந்து, சூளையில் சுட்டு, சில்லைப் பதித்து எடுக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான். அர்த்தநாரி நாற்காலியிலேயே கிடந்தார். கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. மூடிய இமைக்குள் முழி உருண்டுகொண்டே இருந்தது. தாடை இறுகி இறுகித் தளர்ந்தது. தீபலட்சுமியால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். கழுவின கையையே மறுபடியும் கழுவினாள்.

"என்னங்கம்மா, இருப்புக் கொள்ளாம அலையறீங்க?" என்றார் சாந்தாமணி.

"ஒண்ணுமில்லக்கா."

ஒன்றுமில்லாமல் என்ன. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், கௌதம். கல்லூரி முடித்து முதல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். ராசிபுரம் பக்கம் பைக்கில் வரும்போது எதிரே வந்த லாரி நேராக அவன்மேல் ஏறிவிட்டது. டிரைவர் தூங்கிவிட்டான். கோர்ட்டில் அந்த ஆள் கைகட்டி நின்று சொன்னான்: "முடியலை, அசதியா இருக்குதுன்னு ஓனர்கிட்டச் சொன்னனுங்க. யாரும் நம்பலைங்க." அன்றைக்கு தீபலட்சுமி எழுந்து நின்று, பொய், எல்லாம் பொய் என்று கத்தினாள். அம்மா அவளை இழுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

விழிப்புப் பல் வந்தபோது இந்த மாவட்டத்தில் முதலில் கைதூக்கியவள் அவள்தான். பல்லை வைத்துவிட்டால் எவனும் அசதி என்று சாக்குச் சொல்ல முடியாது, தெம்பாக இருக்கிறேன் என்று ஏமாற்றவும் முடியாது. விபத்துகள் குறைந்தது நிஜம். அந்தக் கணக்கைப் பார்த்து அவள் அழுதிருக்கிறாள். ஒரு நல்ல பல்லை இழைக்கும்போதெல்லாம் கௌதமை நினைத்துக்கொண்டுதான் இழைப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒட்டின கேப் ஒன்றுகூடக் கழன்றதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, மறைத்துக்கொள்கிற கர்வமும் இல்லை.

இப்போது அந்தக் கோர்ட்டில் நின்ற ஆளின் முகம் ஞாபகத்துக்கு வர மாட்டேன் என்றது. கட்டின கை மட்டும் வந்தது. அவன் சொன்னது உண்மையாக இருந்தால்? நிஜமாகவே ஓனரிடம் போய்ச் சொல்லியிருந்தால்? அவன் சொல்லை அப்போதே ஓனர் நம்பியிருந்தால் கௌதம் இருந்திருப்பான். அதே சொல்லை இன்னொருவன் விபத்துக்கு முன்னாலேயே வந்து சொல்கிறான். அவளோ, பல்லுக்குப் பொய் தெரியாது என்று பாடம் நடத்திவிட்டு வந்து நிற்கிறாள். தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

கேப் வெந்து வந்தது. ஆறவைத்துப் பல்லின்மேல் பொருத்திப் பார்த்தாள். கன கச்சிதம். விளிம்பு மயிரிழைகூடத் தூக்கவில்லை. கடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கழற்றினாள். உள்பக்கம் எச்சில் பட்டு மினுமினுத்தது.

இனிமேல்தான் சூட்சுமமே. ஜிர்கோனியா வாய்க்குள் போய் எச்சில் பட்டால் அதன் உள்பக்கம் கெட்டுப்போகும். சுத்தம் பண்ணித்தான் ஒட்ட வேண்டும். எதைக்கொண்டு சுத்தம் பண்ணுவது என்பதில்தான் டாக்டர்களே தடுக்கி விழுவார்கள். கண்ணாடி மாதிரி பீங்கான் கேப்புகளை ஒட்டிப் பழகின கை, யோசிக்காமல் நீல நிற ஆசிட் ஜெல்லை எடுத்துவிடும். அந்த கேப்புக்கு அது சரி. ஜிர்கோனியாவுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. பயிற்சி வகுப்பில் அவள் சொல்லிக்கொடுப்பது இப்படி: "பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கறாங்க இல்ல, அதுதான் ஆசிட். பிரைமர்னு ஒருத்தர் உட்கார வேண்டிய சீட்ல எல்லாம் அது துண்டைப் போட்டு வெச்சுரும். பின்னாடி பிரைமர் வந்து பார்த்தா இடமே இருக்காது. அவர் உட்காரலைன்னா ஒட்டு பிடிக்காது. வெளியில பார்த்தா நல்லாத்தான் இருக்கும். கொஞ்ச நாள்ல கையோட வந்துரும்." வகுப்பு முழுக்கச் சிரிக்கும், மறக்கவும் மாட்டார்கள். மணல் பீய்ச்சி, அதற்கென்று உள்ள திரவத்தில் கழுவி, பிறகுதான் பிரைமர். இந்த மாவட்டத்தில் பல் ஒட்டுகிற அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

வாரியத்தின் சட்டத்திலும் ஒரு விஷயம் உண்டு. கேப்பை வெட்டியெடுத்தால் டிரைவர் குற்றவாளி. தானாகக் கழன்றால் டாக்டர் குற்றவாளி. மறுபடி கட்டுவதற்கு வாரியம் தேதி கொடுக்கும்வரை டிரைவர் வண்டியைத் தொடக் கூடாது, வீட்டில் இருக்கலாம், சம்பளமும் உண்டு. வாரியம் எந்த ஆமை வேகத்தில் தேதி கொடுக்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

தீபலட்சுமி தட்டிலிருந்து நீல ஜெல்லை எடுத்தாள்.

"டாக்டரம்மா" என்றார் சாந்தாமணி மெதுவாக. "அது ஆசிடுங்க."

"தெரியும்க்கா."

சாந்தாமணி அவளைப் பார்த்தார். நாற்காலியில் கிடந்தவரின் தாடையைப் பார்த்தார். அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த பஞ்சை எடுத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

கேப்பின் உள்பக்கம் நீலம் பரவியது. கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினாள். பிரைமரைத் தடவினாள், ஒட்டை நிரப்பினாள், பல்லின்மேல் அழுத்தினாள், விளக்கைக் காட்டினாள், பிதுங்கியதை வழித்தாள். எல்லாவற்றையும் எப்போதும் போலவே சுத்தமாகச் செய்தாள்.

அர்த்தநாரியிடம் அவள் ஒன்றும் உடைத்துச் சொல்லவில்லை. சொன்னால் அவரும் கூட்டுக் களவாணி ஆகிவிடுவார். எழுந்து உட்கார்ந்தவரிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"கமர்கட்டு, தேன்மிட்டாய், இந்த மாதிரி ஒட்டறது எதையும் தொடக் கூடாது. மென்னா கேப் கழண்டுரும். கழண்டா முழுங்கிராம எடுத்து வெச்சு எனக்குச் சொல்லணும். புரிஞ்சுதா?"

"போன தடவை கட்டினவங்க அப்படியொண்ணும் சொல்லலீங்களே."

"நான் சொல்றேன். கமர்கட்டு கூடாது."

அவர் எழுந்து, வாசல் நிலைக்குக் குனிந்து வெளியே போனார். புரிந்துகொண்டாரா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாட்களில் தீபலட்சுமி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. போன் அடித்தால் திடுக்கென்றது. அடிக்காவிட்டால் அதைவிட மோசம். நல்ல பல்லில் சொத்தை தேடினாள், ஒரே ஆளிடம் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டாள். கேப் கழன்று தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விட்டால்? கழலாமலே அவர் தொப்பூரில் இறங்கினால்? சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுந்து எழுந்து போனாள். பெருமாள் கோயிலுக்குப் போய் நின்றாள், என்ன வேண்டுவதென்றே தெரியாமல் திரும்பி வந்தாள்.

கடைசியில் போன் வந்தது.

"டாக்டரம்மா, பல்லு கையில வந்திருச்சுங்க" என்றார் அர்த்தநாரி.

"என்ன சாப்பிட்டீங்க?"

"கமர்கட்டுங்க." குரலைத் தாழ்த்தினார். "பொட்டலம் பொட்டலமா."

அதற்கப்புறம் அவருடைய மனைவி ஒருநாள் கூப்பிட்டாள். குரலில் பதற்றம். "ஏனுங்க டாக்டர், என்ன மருந்து குடுத்தீங்க? படுத்தவரு எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. சோத்துக்கு எழுப்பினா ரெண்டு வாய் தின்னுட்டு மறுக்கா சாயறாரு. மூச்சு இருக்குதான்னு மூக்குல கையை வெச்சுப் பார்த்துட்டே உக்காந்திருக்கறனுங்க."

"எழுப்பாதீங்கம்மா. தூங்கட்டும்."

போனை வைத்துவிட்டு தீபலட்சுமி அழுதாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் செய்த வேலைகளில் இந்தக் கெட்டுப்போன வேலை ஒன்றுதான் அன்றைக்கு உருப்படியாகத் தோன்றியது. தூங்கித் தெளிந்த அர்த்தநாரி லாரிக்கே திரும்பவில்லை என்பது பின்னால் தெரிந்தது. லைசென்ஸைத் தானே ஒப்படைத்துவிட்டு, மைத்துனருடைய கோழிப்பண்ணையில் தீவனம் கலக்கப் போய்விட்டார். கோழிக்குத் தீவனம் போட விழிப்புப் பல் தேவையில்லை.

ஆனால் கழன்ற கேப் வாரியத்துக்குப் போயாக வேண்டும். போயிற்று. வாரியத்திலிருந்து முகுந்தன் வந்தான்.

முகுந்தன் வேறு யாருமில்லை, அவளோடு பல் மருத்துவம் படித்தவன். நல்லவன். பரீட்சைக்குத் தன் நோட்ஸை எல்லோருக்கும் கொடுத்தவன். இப்போது வாரியத்தில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. டீயை வாங்கிவைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"தீபா, கேப்போட உள்பக்கத்தை லேப்ல பார்த்தாச்சு. ஆசிட் பட்டிருக்கு."

அவள் டீ டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வேற யாராவதா இருந்தா, பாவம் தெரியாமப் பண்ணிட்டாங்கன்னு விட்டுருவேன். உன்னை எப்படி விடறது? அந்த பஸ் துண்டுக் கதையை ஊருக்கெல்லாம் சொன்னதே நீதான். ஒண்ணு நீ வேணும்னே பண்ணியிருக்கணும். அப்படின்னா உன் பட்டம் போகும், அந்த டிரைவரையும் தோண்டித் துருவுவாங்க. இல்லைன்னா..." என்று இழுத்தான்.

"இல்லைன்னா அசதிதாங்க" என்று குறுக்கே வந்தார் சாந்தாமணி. யாரும் அவரைக் கேட்கவில்லை. "அன்னிக்கு அம்மாவுக்கு ரொம்ப முடியலைங்க சார். காலையில இருந்தே அலமலந்து போய் இருந்தாங்க. நான் கூடவே இருந்தேன், என் கண்ணால பார்த்தேன். எடுக்கற பாட்டிலைக்கூடப் பார்க்காம எடுத்தாங்க."

முகுந்தனின் முகம் தெளிந்தது. "அப்படியா தீபா?"

தீபலட்சுமி சாந்தாமணியைப் பார்த்தாள். சாந்தாமணி கண்ணாலேயே கெஞ்சினார். ஒரு சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை என்று தீபலட்சுமிக்கும் தோன்றியது.

"ஆமா" என்றாள். "அசதி."

"அப்படியே எழுதிடறேன்" என்று அவன் எழுந்தான். போகும்போது அவளுடைய தோளைத் தட்டிவிட்டுப் போனான். அன்று சாந்தாமணி முருகனுக்கு விளக்குப் போட்டார். தப்பித்தோம் என்று இருவரும் நினைத்தார்கள்.

எங்கே தப்பிப்பது. மாதம் திரும்புவதற்குள் முகுந்தன் மறுபடி வந்து நின்றான். இந்த முறை கையில் கருவிப்பெட்டி. முகத்தில் ஈயாடவில்லை.

"நான் எழுதினதை மேல படிச்சிருக்காங்க" என்றான். "இவ்வளவு கெட்டிக்கார டாக்டருக்கே அசதியில கை தப்புதுன்னா மத்தவங்க கதி என்னன்னு கேட்டிருக்காங்க. ஒட்டறவங்க அசந்திருக்காங்களா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருக்காங்க. முடிவு பண்ணிட்டாங்க தீபா. பல் ஒட்டற டாக்டர் எல்லாருக்கும் விழிப்புப் பல்."

"எல்லாருக்குமா?"

"தமிழ்நாடு முழுக்க. உன்னை வெச்சு வந்த உத்தரவுங்கறதால முதல்ல உனக்கு. வேற யார் கையிலயும் உன்னை விட மனசில்ல, நானே கட்டறேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். நல்ல பல்லு, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

தீபலட்சுமி அவன் கையிலிருந்த கருவிப்பெட்டியைப் பார்த்தாள். ஒரு ஆள் தூங்கட்டும் என்று செய்த காரியம், ஊரில் உள்ள அத்தனை டாக்டர்களின் வாயிலும் வந்து உட்காரப் போகிறது. அடுத்து நர்ஸ், அதற்கடுத்து டீச்சர். முடியவில்லை என்று இனி எவர் சொன்னாலும், எங்கே பல்லைக் காட்டு என்பார்கள். அர்த்தநாரிக்கு இனி யாராலும் ஒன்றும் ஆகாது, அவர் கோழிகளோடு இருக்கிறார். அவளுக்குப் பட்டம் போகும். போகட்டும். இதை நிறுத்த உண்மையைத் தவிர அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

"முகுந்தா, நான் அசந்து போகலை" என்றாள். "தெரிஞ்சுதான் ஆசிடை எடுத்தேன். அந்த மனுஷன் தூங்கணும்னு வேணும்னே கெடுத்தேன். அவருக்கு இது தெரியாது. பல்லு பச்சை காட்டிச்சு, ஆனா அவர் செத்துப் பொழைச்சு ஓட்டிட்டிருந்தார். முடியலைன்னு வாயால சொன்னதை ஒருத்தரும் நம்பலை. நானும்தான் முதல்ல நம்பலை. என் பட்டத்தை எடுத்துக்கச் சொல்லு. அசதின்னு எழுதினதை அடிச்சுரு."

முகுந்தன் அவளையே பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால்கூட அவளுக்கு நம்பிக்கை வந்திருக்கும். அவன் பரிதாபப்பட்டான்.

"எப்ப தூங்கினே தீபா?"

"நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்கறே?"

"கண்ணைக் கண்ணாடியில பார்த்தியா? வேணும்னே செய்யறவ இவ்வளவு அப்பட்டமா மாட்டிக்கற மாதிரியா செய்வா? உனக்குக் குற்ற உணர்ச்சி. உன் தம்பி விஷயம் எனக்குத் தெரியும். நாள் முழுக்க டிரைவர் கதையா கேட்டுக் கேட்டு மண்டை குழம்பிப் போயிருக்கு. ரொம்ப அசந்து போனவங்க இப்படித்தான் செய்யாததையும் செஞ்சேம்பாங்க." அவன் சாந்தாமணியிடம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கக்கா. அன்னிக்கு என்ன நடந்துது?"

"அக்கா, உள்ளதைச் சொல்லிருங்க" என்றாள் தீபலட்சுமி.

சாந்தாமணியின் வாய் கோணியது. டாக்டரம்மாவுக்குப் பட்டம் போவதா, ஒரு பல் போவதா என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சொன்னார்: "நான் அன்னிக்குச் சொன்னதுதானுங்க சார். அம்மாவுக்கு முடியலை. இப்பவும் முடியலை."

தீபலட்சுமி எழுந்து நின்று கத்தினாள். பொய், எல்லாம் பொய் என்று. முகுந்தன் அவளுடைய கையைப் பிடித்து, நல்ல பிள்ளை மாதிரி அவளுடைய நாற்காலியிலேயே அவளைச் சாய்த்தான். கையெழுத்து வேண்டும் என்று கேட்கவில்லை, உத்தரவே போதுமாம். மறுத்தால் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, உடம்பு தேறும்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். அதையும் அக்கறையோடுதான் சொன்னான்.

ஊசி ஈறுக்குள் இறங்கியது. கீழ்க் கடைவாய், வலதுபக்கம், ஒரு சொத்தையும் இல்லாத பல். முளைத்ததிலிருந்து இத்தனை வருஷம் அவள் பொத்திப் பொத்தி வளர்த்த பல். இழைத்த பல் மறுபடி வளராது என்று அவளுக்குத் தெரிகிற அளவுக்கு யாருக்குத் தெரியும். உதடு தடித்தது. நாக்கு பாதி செத்தது. மேலே விளக்கு எரிந்தது. இந்த விளக்கைக் கீழிருந்து பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"வேணும்னேதான்..." என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். வார்த்தை வழுக்கிக்கொண்டு எச்சிலாகக் கன்னத்தில் வழிந்தது. சாந்தாமணி அழுதுகொண்டே அதைத் துடைத்துவிட்டு, தண்ணீர் உறிஞ்சும் குழாயை அவள் வாயோரத்தில் வைத்தார்.

"பேசாதே தீபா, மரத்துப் போகட்டும்" என்றான் முகுந்தன், எந்திரத்தில் புது முனையை மாட்டிக்கொண்டே. "நீ அசதியா இருந்தியா இல்லையான்னு இனிமே நீ யார்கிட்டயும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பல்லு உட்காரட்டும், அது சொல்லிரும்."

அவள் தாடையை இறுக்கிக் கடித்தாள். அவன் பொறுமையாக அவளுடைய மோவாயைப் பிடித்து வாயைத் திறந்து, வேலையை ஆரம்பித்தான்.